பாய்மரப் படகில் ஒரு பம்ப்செட் பட்டன்

போன வாரம் சுமதி வாட்ஸ்அப்பில் ஒரு சுவிட்சின் படத்தை அனுப்பி, "அக்கா, இது போதுமா?" என்று கேட்டிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு திண்டிவனம் கம்பெனியில் என் டெஸ்டிங் மேசைக்கு வந்தவள் அவள். கெட்டிக்காரிதான். படமும் பளபளவென்று இருந்தது. சுவிட்சின் முகம் தெரிந்தது, அதன் சிவப்பு விளக்கு தெரிந்தது, பக்கத்தில் அவளுடைய டிபன் பாக்ஸ்கூடத் தெரிந்தது. முதுகு மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்ததே கோபம். "சுவிட்சுக்கு மூஞ்சியில இன்னாடி இருக்குது? முதுகைத் திருப்பிப் படம் எடு" என்று குரல் பதிவு அனுப்பினேன்.

அரை நாள் கழித்துப் பதில் வந்தது. "முதுகுல ஆம்பியர் நம்பர் ஒண்ணுமே போடலக்கா. இப்பல்லாம் ஆன்லைன்லதான் வாங்கறாங்க. நீங்க திட்டறத வுட்டுட்டு, எப்படிப் பாத்து எடுக்கறதுன்னு எழுதி அனுப்புங்க. இங்க எல்லாருக்கும் வேணும்."

எழுதுகிறேன். திட்டாமல் எழுதுவேன் என்று மட்டும் சத்தியம் செய்ய முடியாது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தற்பெருமையும் உண்டு, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மேசையைத் தாண்டிப் போன பேனல் ஒன்றுகூட, போன நிலையிலேயே இருந்து, கடலில் கைவிட்டதாகக் கெட்ட பேர் வாங்கியதில்லை. "போன நிலையிலேயே இருந்து" என்று ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

எனக்குக் கோலியனூர் பக்கம். ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் படித்தேன். வகுப்பில் பெண்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். படித்து முடித்ததும் திண்டிவனத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமாகி விழுப்புரம் டவுனுக்குக் குடிவந்த பிறகும், தினமும் பாசஞ்சர் ரயிலில் போய்வந்தேனே தவிர வேலையை விடவில்லை. டீசல் இஞ்சின்களுக்குக் கண்ட்ரோல் பேனல் செய்கிற கம்பெனி அது. முதலில் ஜெனரேட்டர், போர்வெல் போடுகிற லாரி இவற்றுக்குச் செய்தோம். அப்புறம் படகு இஞ்சின்களுக்கும் ஆர்டர் வந்தது. "திண்டிவனத்துல ஏதுடி கடலு?" என்று என் மாமியார் கேட்பார். கடல் இல்லை, கடலுக்குப் போகிற சுவிட்ச் இருக்கிறது என்பேன்.

எனக்கு மேலே இருந்தவர் தாமோதரன் சார். கப்பலில் எலெக்ட்ரிக்கல் வேலை பார்த்துவிட்டுக் கரைக்கு வந்தவர். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. புதிதாக ஒரு சுவிட்ச் மாடல் வந்தால் அதில் ஒன்றை எடுத்து வைஸில் பிடித்து, ஹேக்ஸாவால் இரண்டாக அறுப்பார். உள்ளே கரண்ட் தாண்டுகிற இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளிப் பொட்டைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பார். பொட்டு பருப்பு அளவு இருந்தால் தலையாட்டுவார். கடுகு அளவு இருந்தால், மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் தகர டிரம்முக்குள் போட்டுவிடுவார். 'டொங்' என்று சத்தம் கேட்டால், பர்ச்சேஸ் பிரிவில் இருப்பவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

"இது போதுமா சார்?" என்று கேட்டால் அவர் பதில் சொல்லவே மாட்டார். திருப்பி மூன்று கேள்வி கேட்பார். "எவ்வளவு? எவ்வளவு நேரம்? எங்க?" அவ்வளவுதான். அந்தச் சுவிட்ச் வழியாக எவ்வளவு ஆம்பியர் போகப் போகிறது, எத்தனை நேரம் தொடர்ந்து போகப் போகிறது, எந்த இடத்தில் உட்காரப் போகிறது. இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தவர்களுக்குப் போதுமா என்று கேட்க வேண்டிய அவசியமே வராது. சுமதி, இதைத்தான் நீ கேட்டாய் என்றால் கட்டுரை இங்கேயே முடிந்தது. ஆனால் இதைப் புரிந்துகொள்ள எனக்கே ஒரு படகு தேவைப்பட்டது.

சுவிட்ச் விஷயத்தில் நம் ஜனங்களுக்கு ஒரு இளப்பம் உண்டு. வீட்டு லைனைத் தொட்டால் தூக்கி எறியும், அதனால் அதற்கு மரியாதை. பேட்டரியின் பன்னிரண்டு வோல்ட்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது, அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. ஷாக் அடிக்காவிட்டால் என்ன, ஆம்பியர் அங்கேதான் ஆறாக ஓடும். டீசல் இஞ்சின் குளிர்ந்து கிடந்தால், அதைச் சூடாக்குகிற க்ளோ பிளக்குகள் எல்லாம் சேர்ந்து முப்பது ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டரைக் கொண்டுபோய் இஞ்சினோடு கோர்த்துவிடுகிற சொலினாய்டு, கோர்க்கிற அந்த ஒரு நொடியில் அதே அளவு இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ நூறு, இருநூறு என்று குடிக்கும். இதில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வீட்டுக் கரண்ட் தானாகவே நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழியத்துக்கு வந்து போவதால், சுவிட்சை அணைக்கும்போது பொறி தானே அணைந்துவிடும். பேட்டரிக் கரண்ட் அப்படி இல்லை. பொறி ஒட்டிக்கொண்டு நிற்கும், வெள்ளிப் பொட்டைத் தின்னும். அதனால்தான் ஒரே சுவிட்சின் முதுகில் ஏ.சி.க்குப் பெரிய எண்ணும், டி.சி.க்குச் சின்ன எண்ணும் போட்டிருப்பார்கள். பெரிய எண்ணைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

ஒரு தடவை பேட்டரிக்கான மாஸ்டர் சுவிட்ச் ஒரு லாட்டே வந்து இறங்கியது. பேட்டரியை இஞ்சினிலிருந்து மொத்தமாகத் துண்டிக்கிற சிவப்புக் கைப்பிடிச் சுவிட்ச். என் மேசையில் பழைய லாரி ஹெட்லைட் பல்புகளை வரிசையாகக் கோர்த்த ஒரு பலகை உண்டு, அதுதான் லோடு. பல்புகளை எரியவிட்டு, சுவிட்சின் இரண்டு முனைக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று மீட்டரில் பார்த்துவிட்டு, மணிக்கட்டின் உள்பக்கத்தைச் சுவிட்ச் மேல் வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கை வேலை செய்து மரத்துப் போயிருக்கும், மணிக்கட்டு பொய் சொல்லாது. அந்த லாட்டில் எடுத்ததெல்லாம் சுட்டது. நான் மொத்தத்தையும் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். பர்ச்சேஸ்காரர் வந்து நின்றுகொண்டு, "இன்னாம்மா, உன் கை சுடுதுன்னா கம்பெனியே நிக்கணுமா?" என்று கத்தினார். "என் கை சுடறது திண்டிவனத்துல. நடுக்கடல்ல யார் கை சுடும்னு போய்ப் பாத்துட்டு வாங்க" என்று நானும் கத்தினேன். தாமோதரன் சார் தன் இடத்திலிருந்து எழுந்து, டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, என் மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். லாட் திரும்பிப் போயிற்று. அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, விழுப்புரம் வரை நின்றுகொண்டே வந்தேன், அது உறைக்கவே இல்லை.

இனிப் படகுக்கு வருகிறேன்.

புதுச்சேரித் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகு இருந்தது. சென்னை முதலாளி ஒருவருடையது. விருந்தாளிகளை ஏற்றிக் கடலில் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவது அதன் தொழில். பேனல் எங்களுடையது. படகை ஓட்டியவள் ஸ்டெல்லா. மீனவர் வீட்டுப் பெண், பாய் பிடிப்பதை முறையாகப் பயின்று சான்றிதழ் வாங்கியவள். படகின் முழுப் பொறுப்பும் அவளுடையது. அவள் கணவர் குமரவேல், கண்டமங்கலத்துக்காரர். அந்தப் பக்கத்துக் கிணறுகளில் பாதிக்கு மேல் பம்ப்செட் வயரிங் அவர் கைதான். இரண்டு பேரும் விரும்பிக் கட்டிக்கொண்டவர்கள். அவருக்கு நீச்சல் தெரியாது, இவளுக்கு நெல் எந்த மாதத்தில் நடுவார்கள் என்று தெரியாது. நன்றாகத்தான் குடும்பம் நடத்தினார்கள்.

பாய்மரப் படகுக்கு இஞ்சின் எதற்கு என்று கேட்பீர்கள். கடலில் காற்றே போதும். துறைமுக வாயில் நுழையும்போதுதான் வம்பு. இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டியிருப்பார்கள், நடுவில் நீரோட்டம் இழுக்கும், காற்றோ அந்த இடத்தில் நினைத்தால் அடிக்கும், இல்லாவிட்டால் செத்துவிடும். அங்கே இஞ்சின் எழுந்தே ஆக வேண்டும். ஸ்டெல்லாவின் படகில் அங்கே வைத்துத்தான் இஞ்சின் எழவில்லை. பட்டனை அமுக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விருந்தாளிகளோடு படகு கல்லைப் பார்த்து நகர, ஒரு மீன்பிடி விசைப்படகு கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றியது. சில வாரம் கழித்து மறுபடியும் அதே மாதிரி ஆயிற்று.

முதலாளி எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டுக் காய்ச்சி எடுத்தார். ஸ்டெல்லாவிடம், வருகிற ஞாயிற்றுக்கிழமை தானே படகில் ஏறப் போவதாகவும், அன்றைக்கு இஞ்சின் எழவில்லை என்றால் வேறு ஆளிடம் படகைக் கொடுத்துவிடுவதாகவும் சொல்லிவிட்டார். அது போனால் அவளுக்கு இன்னொரு படகு கிடைக்காது. பொம்பளை கைக்குப் படகு கொடுத்தால் இப்படித்தான் என்று துறைமுகத்தில் ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பேனலைப் பார்த்துவர என்னை அனுப்பினார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். படகு கட்டும் மேடையான ஜெட்டியில் கட்டிக் கிடந்த படகில் இஞ்சின் ஒரே அமுக்கில் எழுந்தது. அணைத்தேன், மறுபடி அமுக்கினேன், எழுந்தது. எத்தனை தடவை அமுக்கினாலும் எழுந்தது. ஸ்டெல்லாவின் முகம் வாடிப்போயிற்று.

"இங்க ஓடும்க்கா. அங்க போனாத்தான் பேஜாரு பண்ணும்" என்றாள்.

"பேனல்ல யாராவது கை வெச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா" என்றாள். சொல்லிவிட்டுக் கடலைப் பார்த்தாள்.

நான் தாமோதரன் சாருக்குப் போன் போட்டேன். "ஓடுது சார். ஒண்ணும் கோளாறு தெரியல."

"எங்க ஓடுது?"

"ஜெட்டியில சார்."

"படகு மாட்டிக்கிட்டது ஜெட்டியிலயாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்த மனிதரின் குணமே அதுதான். கோபித்தால்கூடத் தேவலை. அப்போதுதான் படகின் பக்கவாட்டில் ஒரு கறுப்பு வயர் ஜெட்டிக்குப் போவதைப் பார்த்தேன். கரையில் நிற்கும்போதெல்லாம் பேட்டரிக்குச் சார்ஜர் மாட்டிவைக்கிறார்கள். எல்லாப் பாய்மரப் படகிலும் செய்வதுதான். பக்கத்தில் நின்று ஒருவர் ஊட்டிக்கொண்டே இருந்தால் யார்தான் சாப்பிடமாட்டார்கள்? கடலுக்குள் போனால் ஊட்ட ஆளில்லை. பாயில் ஓடும்போது இஞ்சினும் நின்றிருக்கும், ஃப்ரிட்ஜும் விளக்கும் தண்ணீர் பம்ப்பும் பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். துறைமுக வாய்க்குத் திரும்பி வரும்போது பேட்டரி களைத்துப் போயிருக்கும். களைத்த பேட்டரியோடு நாங்கள் யாரும் அந்தப் பேனலைச் சோதித்ததே இல்லை என்று எனக்கு உறைத்தது.

"சார்ஜரைக் கழட்டு. கடலுக்குப் போவலாம்" என்றேன்.

"நீங்களுமா வர்றீங்க?" என்றாள் ஸ்டெல்லா. நான் பிறந்ததிலிருந்து ரயிலைத் தவிர வேறெதிலும் ஆடியதில்லை. அதற்காக வேலையை விடமுடியுமா? அன்று வேலைக்குப் போகாமல் மனைவிக்குத் துணையாக வந்திருந்த குமரவேலும் ஏறிக்கொண்டார். அவருக்கு என்னைவிட முகம் வெளுத்திருந்தது.

கரை சின்னதாகத் தெரிகிற தூரத்துக்குப் போனதும், பஸ்ஸில் வாங்கித் தின்ற அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, அத்தனையையும் நான் கடலுக்குக் கொடுத்துவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, இஞ்சினை அணைக்கச் சொன்னேன். பாயை ஏற்றினாள். ஃப்ரிட்ஜ், விளக்கு, பம்ப் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உட்கார்ந்தோம். வெயில் நன்றாக ஏறிய பிறகு, "இப்ப அமுக்கு" என்றேன்.

'டிக்.'

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் பயமும் இருந்தது, அப்பாடா என்ற நிம்மதியும் இருந்தது. தான் சொன்னது பொய்யில்லை என்று ஒரு சாட்சி கிடைத்துவிட்டதே. நான் ஆடிக்கொண்டே நான்கு திருகாணியையும் கழற்றிப் பேனலை முன்னால் இழுத்தேன். மேலே இருந்தது எங்கள் கறுப்பு ரப்பர் மூடிதான். அதற்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது எங்கள் சுவிட்ச் இல்லை. பச்சை நிறத்தில் வேறொரு பட்டன், இடத்துக்கு ஏற்றபடி அழகாகச் சீவிப் பொருத்தப்பட்டிருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதைப் பார்க்காத ஆளே இருக்க முடியாது. கிணற்று மோட்டார் கொட்டகையில், சுவரில் மாட்டியிருக்கிற ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பட்டன்.

நான் ஒரு பெரிய ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பட்டனின் இரண்டு முனைக்கும் குறுக்கே அழுத்திப் பிடித்தேன். பட்டென்று ஒரு பொறி. அடுத்த நொடி இஞ்சின் எழுந்துவிட்டது. அதே களைத்த பேட்டரி, அதே வயர், அதே ஸ்டார்ட்டர். பட்டனைத் தாண்டிப் போனதும் எழுந்துவிட்டது. எனக்கு வாந்தி, தலைசுற்றல் எல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"யாரு வேல இது?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். குமரவேல்தான் சொன்னார். "நான்தான்க்கா. ஒரு நாள் ஆளுங்க ஏறும்போது யாரோ ஒதச்சி, உள்ள இருந்த சுவிட்சு ஒடஞ்சிடுச்சி. கெஸ்ட்டெல்லாம் வந்துக்கினு இருந்தாங்க. என் பைல இருந்தது இதான். ஜல்தியா மாட்டி வுட்டேன்." சொல்லும்போதே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அதுக்காக இத லேசா நெனக்காதீங்க. அஞ்சு எச்.பி. மோட்டார தூக்கற பட்டன் இது. எங்க ஊர்ல வருஷக் கணக்கா ஓடுது. இந்தப் பன்னெண்டு வோல்ட்டுக்கா தாங்காது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏம்ப்பா, நீ எத்தன ஸ்டார்ட்டர் பெட்டியத் தொறந்திருப்ப?"

"கணக்கு ஏது? தெனம் தொறக்கறதுதான்."

"மோட்டாரத் தூக்கறது இந்தப் பட்டனா, உள்ள கீழ உக்காந்திருக்கற காண்டாக்டரா?"

அவர் குனிந்து பச்சைப் பட்டனைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமா அது? பச்சைப் பட்டன் செய்வதெல்லாம், உள்ளே இருக்கிற காண்டாக்டரைக் கூப்பிடுவதுதான். மோட்டாருக்குப் போகிற கரண்ட் முழுக்கக் காண்டாக்டர் வழியாகப் போகும், பட்டன் வழியாகப் போவது ஓர் ஆம்பியர்கூட இருக்காது. வாசலில் நின்று குரல் கொடுக்கிறவரை மூட்டை தூக்கச் சொன்ன கதையாகிவிட்டது இங்கே. எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் எதையும் எச்.பி.யில்தான் எடை போடுவோம். அஞ்சு எச்.பி. என்று சொல்லிவிட்டால் அப்புறம் கேள்வியே கிடையாது. முதல் சில வாரம் பட்டன் தாங்கியிருக்கும். பிறகு பொறி பட்டுப் பட்டு வெள்ளிப் பொட்டு கருகியிருக்கும். சார்ஜர் ஊட்டும்போது அந்தக் கருகலையும் தாண்டிக் கரண்ட் போயிற்று, களைத்த பேட்டரியால் தாண்ட முடியவில்லை.

குமரவேல் படகின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "என்னாலதான் இவ வேல போவப் போவுது" என்றார்.

"இன்னும் போவல" என்றாள் ஸ்டெல்லா. பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள். "அக்கா, நான் பொய் சொன்னேன். ஓனருக்குத் தெரிஞ்சா இவர படகாண்டயே வரவிட மாட்டார்னு மறச்சிட்டேன். இதான் காரணம்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

கரைக்கு வந்ததுமே முதலாளி போனில் வந்தார். "யார் மேல தப்பு மேடம்? உங்க பேனலா, ஸ்டெல்லாவா?" என்று கேட்டார். எங்கள் பேனலில் குற்றமில்லை என்று சொல்ல என் நாக்கு துடித்தது. ஸ்டெல்லா எதிரே நின்றுகொண்டிருந்தாள். "பேனல் என் மேசைய தாண்டினப்ப சரியா இருந்துச்சு. மிச்சத்த ஞாயித்துக்கிழம நேர்ல கேளுங்க. இப்ப எனக்கு வேல இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனை அவள் கையில் கொடுத்தேன்.

மறுநாள் குமரவேல் திண்டிவனத்துக்கே வந்துவிட்டார், அந்தப் பச்சைப் பட்டனோடு. தாமோதரன் சார் அதை வாங்கி வைஸில் பிடித்து, ஹேக்ஸாவை எடுத்து அவரிடமே நீட்டினார். குமரவேல் அறுத்தார். உள்ளே பொட்டு இருந்த இடத்தில் கரிதான் இருந்தது. நான் உடைந்த சுவிட்சுக்குப் பதிலாக அலமாரியிலிருந்து புதியதை எடுத்தேன். முப்பது ஆம்பியரைத் தாங்க, அதற்கு மேலேயே டி.சி.யில் எண் போட்ட சுவிட்ச். பல்புப் பலகையில் மாட்டி மணிக்கட்டை வைத்தேன், குளிர்ச்சியாக இருந்தது. பாஸ்.

குமரவேல் அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார். "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? இத்தன கரண்ட்ட இஞ்சின்லேர்ந்து மேல பட்டன் வரைக்கும் கொண்டாந்து, மறுபடி கீழ கொண்டுபோறீங்க. அவ்வளவு நீள வயர்லயே கொஞ்சம் செத்துடுமே. எங்க கெணத்துல மாதிரி, இஞ்சின் பக்கத்துலயே ஒரு காண்டாக்டர் வெச்சிட்டா இன்னா? பட்டன் வெறுமனே கூப்பிட்டா போதும்."

நான் தாமோதரன் சாரைப் பார்த்தேன். பெரிய இஞ்சின் பேனல்களில் ரிலே என்ற பெயரில் அதே வேலையை நாங்கள் செய்வதுண்டு. இந்தச் சின்னப் படகு மாடலுக்கு அது தேவையில்லை என்று வைத்ததில்லை. குமரவேல் மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த ஒரு பேச்சில் கரைந்து போயிற்று. மனுஷன் தப்பு செய்த இடத்திலிருந்தே வழியையும் தோண்டி எடுத்துவிட்டாரே என்று மகிழ்ச்சியாக இருந்தது.

சார் கேட்டார். "எவ்வளவு?"

"சொலினாய்டுக்கு முப்பது. அறுபது தாங்கற ரிலேவா போடலாங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஸ்டார்ட் ஆவறவரைக்குந்தான். ஆனா பயத்துல சில பேரு வுடாம அமுக்கிக்கினே இருப்பாங்க. அதுக்கும் சேத்துத்தாங்க அறுபது."

"எங்க?"

"இஞ்சின் ரூம்ல. சூடு, உப்புத்தண்ணி, டீசல் நாத்தம் எல்லாம் இருக்கும். மூடி போட்டு சீல் பண்ணதாத்தான் வேணும். மேல பட்டனும் தண்ணி போவாததா இருக்கணும்."

தாமோதரன் சார் எழுந்து போய்த் தன் டீ கிளாஸை எடுத்துவந்து, குமரவேலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று குமரவேலுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

படகில் வயரிங் முழுவதையும் குமரவேலையே செய்யச் சொன்னேன். தகரம் பூசிய தடித்த வயர், ஒவ்வொரு முனையிலும் நசுக்கிப் பொருத்திய லக் என்கிற உலோக வளையம், அதன் மேல் சுருங்கிப் பிடிக்கிற ரப்பர் குழாய். அவர் கை வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று எழுதுவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. க்ளோ பிளக் சுவிட்சையும், மாஸ்டர் சுவிட்சையும் விடவில்லை, இரண்டையும் திரும்ப மூன்று கேள்வி கேட்டுத்தான் வைத்தோம். பிறகு சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எல்லா விளக்கையும் எரியவிட்டு, பேட்டரியைக் களைக்கவைத்து அமுக்கிப் பார்த்தோம். எழுந்தது. மீட்டரைப் பார்த்தேன், ரிலேவில் தொலைந்த வோல்ட் ஒன்றுமில்லை என்று சொல்லும்படி இருந்தது. அன்றிலிருந்து எங்கள் கம்பெனியில் படகுப் பேனல்களைச் சார்ஜர் மாட்டாமல்தான் சோதிக்கிறார்கள். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான், அதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

ஞாயிற்றுக்கிழமை நானும் துறைமுகத்துக்குப் போனேன். முதலாளி இரண்டு நண்பர்களோடு ஏறினார். எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. நானும் குமரவேலும் ஜெட்டியில் நின்றோம். படகு வெளியே போய், பாய் ஏற்றி, கண்ணுக்கு எட்டாத தூரம் போயிற்று. அது திரும்பி வருகிறவரை குமரவேல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், அவர் காதில் எதுவும் விழவில்லை.

திரும்பி வரும்போது, வாய்க்கு நேராக வந்ததும் காற்று செத்துவிட்டது. பாய் தொங்கியது. படகு ஒரு பக்கமாக, கல்லைப் பார்த்து நகர்வது எங்களுக்கே தெரிந்தது. மீன்பிடிப் படகுகளில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்று பார்த்தார்கள். பின்பக்கத்தில் முதலில் ஒரு புகை தெரிந்தது. பிறகு சத்தம் கேட்டது. குமரவேல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

படகு வாய்க்கு நடுவில் வந்து நேராகியது. திடீரென்று சத்தம் நின்றுவிட்டது. புகையும் இல்லை. "போச்சுக்கா" என்றார் குமரவேல். நீரோட்டம் படகைத் திருப்ப ஆரம்பித்தது. ஸ்டெல்லா சுக்கானைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது தெரிந்தது. அப்புறம் மறுபடியும் புகை, மறுபடியும் சத்தம். ஒரே அமுக்கு. படகு நிமிர்ந்துகொண்டு, கரும்பு வண்டி ரோட்டில் வருகிற மாதிரி நிதானமாக உள்ளே வந்தது.

ஜெட்டியில் வந்து நின்றதும் முதலாளி இறங்குவதற்கு முன்பே கேட்டார். "ஏன் நடுவுல நின்னுச்சு? அப்ப இன்னும் சரியாவலயா?"

"நிக்கல சார். நான்தான் ஆஃப் பண்ணேன்" என்றாள் ஸ்டெல்லா.

"அந்த எடத்துலயா? இன்னாத்துக்கு?"

அவள் ஜெட்டியில் நின்ற கணவரைக் காட்டினாள். "மொதல்ல சுவிட்ச மாத்தினது எங்க வூட்டுக்காரர்தான் சார், அதனாலதான் கெட்டுப்போச்சு. உங்ககிட்ட நான் மறச்சிட்டேன். இப்ப இது மொத்தமும் அவர் போட்ட ஒயரிங்தான். ஒரு வாட்டி ஓடிச்சின்னா அதிர்ஷ்டம்னு சொல்வீங்க. அதான் ரெண்டு வாட்டி."

முதலாளி அவளைப் பார்த்தார், குமரவேலைப் பார்த்தார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தார். வாய் நீளமான நான், அன்று தலையை மட்டும் ஆட்டினேன். அவர், காலையில் வாங்கி வைத்துக்கொண்ட படகு அறைச் சாவியைப் பையிலிருந்து எடுத்து ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். "அடுத்த வாரம் கெஸ்ட் வர்றாங்க. இவரையும் கூட்டிக்கினு வாங்க, இஞ்சின் பக்கம் ஒரு ஆள் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஸ்டெல்லா கயிற்றை வீசினாள். குமரவேல் அதைப் பிடித்து, ஜெட்டியின் இரும்புக் கட்டையில் கட்டக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னாப்பா, முடிச்சு விழலியா?" என்று கேட்டேன்.

"விழுந்துடுச்சிக்கா" என்றார், முகத்தைக் காட்டாமல் குனிந்தபடியே.